ஆறு வருடம் கீபோர்டில் இசை ப்ரோக்ராமிங் செய்தாயிற்று, இப்போது ஒரு வெப் சீரிஸ் பின்னணி இசை வந்திருக்கிறது. வேலையை விடலாமா?

செம்பூர் கீபோர்டு:
வணக்கம். அப்பா காலத்திலேயே மும்பைக்கு வந்துவிட்ட குடும்பம், செம்பூரில் இருக்கிறோம். அந்தேரியில் ஒரு இசையமைப்பாளரிடம் ஆறு வருடமாக மாதச் சம்பளத்துக்கு ப்ரோக்ராமிங் செய்கிறேன். காலையில் ஹார்பர் லைன் பிடித்து வடாலாவில் மாறிப் போனால் திரும்புவது பெரும்பாலும் கடைசி ரயிலில்தான். அவர் போனில் மெட்டை முனகி அனுப்புவார், கார்ட்ஸ், பேஸ், தாளம், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் நான் போட்டுக் கட்டுவேன். நான்கு படங்களின் பின்னணி இசையில் பாதிக்கு மேல் என் கை. ஒன்றில் மட்டும் டைட்டிலில் 'கூடுதல் ப்ரோக்ராமிங்' என்று என் பெயர் ஓடியது. அம்மா அந்த இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்போது எனக்கே நேரடியாக ஒரு வெப் சீரிஸ். ஆறு எபிசோட், ஏழு வாரம், மொத்தம் 3 லட்சம், வாசிப்பவர்கள் சம்பளமும் மிக்ஸும் அதற்குள்ளேயே அடக்கம். ஒப்பந்தத்தில் 'ராயல்டி உட்பட எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே' என்று ஒரு வரி இருக்கிறது. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. என்ன செய்யலாம்? துறையில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மிருதங்கம்:
தம்பி, எடு. ஆனால் அந்த வரியோடு கையெழுத்துப் போடாதே.

2012இல் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தினார்கள், இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காக அவ்வளவு போராடினார். அதன்படி, படத்தில் வரும் இசையை எழுதியவன் தன் ராயல்டி பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. உன்னுடையது டிவியிலும் ஆப்பிலும் ஓடப்போகிற சமாசாரம், அதனால் பொருந்தும். ஒலிப்பதிவு அவர்களுடையது, சரி, அதில் சண்டை வேண்டாம். இசை எழுதியவனுக்கான பாதியை விடாதே.

அப்புறம் ஐபிஆர்எஸ்ஸில், அதுதான் நமக்கு ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கம், உறுப்பினராகச் சேர்ந்துவிடு, க்யூ ஷீட்டை நீயே தயார் செய். எந்த எபிசோடில் எந்த இசை எத்தனை நொடி வருகிறது, யார் எழுதியது என்ற பட்டியல்தான் அது, ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். நான் ஒரு தொடருக்கு மூன்று வருடம் வாரம் தவறாமல் இசை போட்டேன். க்யூ ஷீட் என்று ஒன்று உண்டு என்றே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தொடர் இன்றும் மறுஒளிபரப்பாகிறது, வீட்டில் அந்த இசை கேட்டால் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். உனக்கு அந்த நிலைமை வேண்டாம்.

ஓஷிவாரா எடிட்டர்:
உரிமை பற்றி ஐயா சொல்லிவிட்டார், நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், மியூசிக் எடிட்டராக இருக்கிறேன். எபிசோட் 40 நிமிடம் என்றால் குறைந்தது 25 நிமிடம் இசை கேட்பார்கள். ஆறுக்கும் சேர்த்து 150 நிமிடம். ஏழு வாரம், வாரம் ஆறு நாள் என்று வைத்தாலும் தினமும் மூன்றரை நிமிடத்துக்கு மேல் முடிக்க வேண்டும், அதுவும் திருத்தங்களைச் சேர்க்காமல். திருத்தம்தான் ஆளைக் கொல்லும். போன வருடம் ஒரு காட்சியில் கதவு சாத்தும் இடத்தில் செல்லோ வந்து விழும்படி எழுதியிருந்தார்கள், அவ்வளவு அழகாக இருந்தது. 'லாக்' ஆன படம், இனி எடிட்டிங்கில் மாற்றம் இல்லை என்றார்கள், பத்து நாள் கழித்து அதே காட்சி 11 நொடி குறைந்து வந்தது. செல்லோ போய் விழுந்தது வெறும் சுவர்மேல். அதனால் லாக்குக்குப் பிறகு வெட்டினால் தனிக் கட்டணம் என்று எழுதி வாங்குங்கள்.

படம் கைக்கு வந்ததும் ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை, பாருங்கள். 23.976இல் வந்ததை 24 என்று நினைத்து வேலை செய்தால் 40 நிமிட முடிவில் இரண்டு நொடிக்கு மேல் விலகி நிற்கும். டெம்ப் மியூசிக், அதாவது எடிட்டிங்கில் தற்காலிகமாக ஒட்டி வைக்கும் வேறு இசை, இல்லாத பிரதி ஒன்றும் கேட்டு வாங்குங்கள் அண்ணா. டைரக்டர் அந்த டெம்பை இருநூறு தடவை கேட்டு அதிலேயே ஊறிப்போயிருப்பார், நீங்களாவது ஒரு தடவை சுத்தமாகப் பாருங்கள்.

பாந்துப் ரசிகன்:
வேலையை உடனே விடாதீர்கள், இரண்டு மாதம் லீவு கேளுங்கள். ஆறு வருடம் உழைத்திருக்கிறீர்கள், கேட்கலாம். சென்னையில் பெரும்பாலும் பாட்டும் பின்னணியும் ஒரே ஆள் கையில். இங்கே பாட்டுக்கு நாலு பேர், பின்னணிக்கு வேறொருவர் என்பது சாதாரணம், அதனால் பாட்டே போடாமல் பின்னணி மட்டும் செய்தும் இந்த ஊரில் நிலைக்க முடியும். இந்தி இசையமைப்பாளர்கள் சலீம்-சுலைமான் அப்படித்தான் பின்னணி இசையில் தொடங்கினார்கள். 2009க்கான தேசிய விருதுகளில் பாடலுக்கு அமித் திரிவேதியும் பின்னணி இசைக்கு இளையராஜாவும் தனித்தனியாக வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? இது தனி வேலை, முழு வேலை.

செம்பூர் கீபோர்டு:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மாட்டுங்கா ஐயா சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். அந்த வரியை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், பதிலுக்கு தொகையைக் கூட்ட முடியாது என்கிறார்கள், சரி என்றேன். லீவு கேட்டதற்கு சார் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், அப்புறம் தன் சாரங்கி வாசிப்பவரின் நம்பரைக் கொடுத்தார்.

முதல் எபிசோட் நேற்றிரவு வந்தது, டெம்ப் இல்லாமல். 23.976தான். இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் கீபோர்டைத் தொடவில்லை.