நுரையீரல் தமனி ஏன் தமனி?

முதலாண்டு செவிலிய மாணவி:
உடற்கூறியல் தேர்வில், “ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய் தமனி” என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. ஓரத்தில் “நுரையீரல் தமனி?” என்று மட்டும் ஆசிரியை குறித்திருக்கிறார். பள்ளியிலிருந்தே தமனி சிவப்பு, சிரை நீலம் என்று வரைந்து பழகிவிட்டேன். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் நுரையீரல் தமனியை நீலத்தில் வரையக் கை வரமாட்டேன் என்கிறது. மனப்பாடம் செய்யாமல் இதைப் புரிந்துகொள்ள வழி உண்டா?

பிரசவ வார்டு செவிலி:
நிறத்தை விட்டுவிடம்மா, திசையைப் பிடித்துக்கொள். இதயத்தைவிட்டுப் போவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை.

படிக்கிற காலத்தில் எனக்கும் இதே குழப்பம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கீறாத ஆட்டு இதயம் ஒன்று வாங்கிவந்தேன். குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவார்கள், இரண்டு விரற்கடை விட்டு வெட்டச் சொல். மேலே தடித்த குழாய்கள் இரண்டு வாய் திறந்தபடி நின்றன. சிரைகளோ நனைந்த துணியாகத் துவண்டு கிடந்தன. முன்னால் இருந்த குழாயில் சுண்டுவிரலை விட்டேன். மெல்லிய சுவருள்ள வலது வெண்ட்ரிக்கிளுக்குள், அதாவது இதயத்தின் வலது கீழறைக்குள், இறங்கியது. அதுதான் நுரையீரல் தமனி. பின்னால் இருந்த பெருந்தமனி இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போனது. அந்த வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன்! பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு அனுப்பினால் போதும் வலதுக்கு. இடது, உச்சி முதல் உள்ளங்கால்வரை தள்ள வேண்டும்.

பிறகு நுரையீரல் தமனியின் வாயில் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே இறங்காமல் அப்படியே நின்றது. அங்குள்ள வால்வின் மூன்று இதழ்கள் சின்னப் பைகளாக உப்பி, ஒன்றையொன்று முட்டி வழியை அடைத்திருந்தன. அன்று பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வெளியே போகத்தான் அங்கே வழி.

ஆய்வக நுட்பநர்:
நிறத்தைப் பற்றி ஒரு சொல். சிரை இரத்தம் நீலமே இல்லை. முழங்கை மடிப்பில் ஊசி ஏற்றித் தினமும் எடுக்கிறேன், கருஞ்சிவப்பாக இருக்கும். “ஆக்சிஜன் இல்லாத இரத்தம்” என்றும் எழுதிவிடாதீர்கள். ஓய்வில் இருப்பவரின் இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமார் 75 சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்துதான் வருகிறது. “ஆக்சிஜன் குறைந்த” என்பதே சரி.

முதலாண்டு செவிலிய மாணவி:
மிக்க நன்றி அக்கா, நன்றி ஐயா. அப்படியானால் ஆக்சிஜன் நிறைந்த சிரை என்றால் நுரையீரல் சிரைகள் மட்டும்தானா?

பிரசவ வார்டு செவிலி:
பிறந்த பிறகு அவைதான். கருவில் இன்னொன்று உண்டு. தொப்புள்கொடியை வெட்டியதும் வெட்டுமுகத்தைத் துடைத்துப் பார்ப்போம். தடித்த சுவரோடு சின்னதாக இரண்டு வாய், தளர்வாகப் பெரிதாக ஒன்று. சின்னவை தமனிகள், பெரியது சிரை. தாயிடமிருந்து வாங்கிய ஆக்சிஜனைக் குழந்தைக்குக் கொண்டுவருவது அந்த ஒற்றைச் சிரைதான். குழந்தையின் இதயத்தை நோக்கி வருகிறது அல்லவா! தமனி ஒன்றுதான் இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஆகவே எண்ணாமல் விடமாட்டோம். பிரசவ வார்டுப் பயிற்சிக்கு வரும்போது கேட்டு வாங்கி நீயே எண்ணிப் பார்.