1,384 பிழைகளும் ஒரு மஞ்சள் கட்டமும்

வீட்டுக் கணினி நத்தையாகிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஏழு வருடப் பழைய பெட்டி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. "கணினியை வேகமாக்க இலவச மென்பொருள்" என்று தேடினேன். பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே பதிலாக எழுதுங்கள்.

முதலில் திறந்த பக்கத்தில் 'பதிவிறக்கு' என்று பச்சைப் பொத்தான்கள் மூன்று இருந்தன. அவற்றில் இரண்டு விளம்பரம். நான் எதை அழுத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. நிறுவும்போது 'அடுத்து, அடுத்து' என்று தட்டிக்கொண்டே போனேன். முடிந்தபோது கேட்ட ஒன்றோடு கேட்காத மூன்றும் வந்து உட்கார்ந்திருந்தன: பிரௌசரில் ஒரு கருவிப்பட்டை, பெயரே கேள்விப்படாத ஒரு தேடுபொறி, டிரைவர்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு நிரல். "ஏன்டா, வழக்கமாக வரும் பக்கத்தைக் காணோமே?" என்று அம்மா கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

நான் விரும்பி இறக்கிய நிரல் இருபது வினாடி ஓடியது. பிறகு சிவப்பு எழுத்தில், 1,384 பிழைகள். கண்டுபிடிக்க இலவசம், சரிசெய்யக் காசு. சந்தேகம் வந்து மறுபடி ஓடவிட்டேன், 1,391. இடையில் ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து மூடியதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை. அது பிழை என்று எண்ணியதெல்லாம் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய குறிப்புகள்: நீக்கிய நிரல்கள் விட்டுப்போன வரிகள், அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல். அவற்றைத் துடைத்தால் வேகம் மயிரிழைகூடக் கூடாது. துடைக்கக்கூடாத வரி ஒன்று போய்விட்டால்தான் வம்பு. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் நிரல்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாப்ட்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதைப் படிக்காமல்தான் நான் 1,391க்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவரிடம் புலம்பினேன். "துடைக்கிற நிரலை விடு தம்பி, காட்டுகிற நிரலை எடு" என்று இரண்டு பெயர் சொன்னார்.

ஒன்று வின்டிர்ஸ்டாட். டிஸ்க்கில் இருப்பது முழுவதையும் வண்ணக் கட்டங்களாக விரித்துவிடுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதோ கட்டமும் அவ்வளவு பெரிது. ஒரே நிறத்தில், ஒரே அளவில் மூன்று பெரிய கட்டங்கள் கண்ணில் பட்டன. தொட்டுப் பார்த்தால் தங்கையின் திருமண வீடியோ. டெஸ்க்டாப்பில் ஒன்று, 'புதிய கோப்புறை'யில் ஒன்று, 'புதிய கோப்புறை (2)'இல் ஒன்று. இரண்டை அழித்ததில் 36 ஜிபி திரும்பி வந்தது. வேகம் வரவில்லை.

இரண்டாவது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இது எதையும் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும், ஸ்மார்ட் என்பார்கள். அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுவதுதான் இதன் வேலை. நலமென்றால் நீலம், கவனிக்க வேண்டியிருந்தால் மஞ்சள், கெட்டுவிட்டால் சிவப்பு. எனக்கு மஞ்சள். கீழே சி5 என்ற வரியில் வரிசையாகப் பூஜ்யங்கள், கடைசியில் 18. பதினெட்டுதானே என்று நினைத்தேன். அந்த எண்கள் பதினாறின் அடிமானத்தில் வருகின்றன, அதாவது 24, என்று அண்ணன் திருத்தினார். படிக்க முடியாமல் சிக்கி, மாற்றிடத்துக்காகக் காத்திருக்கும் 24 செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சின்னச் சின்னத் துண்டுகள். அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று டிஸ்க் திணறியதைத்தான் நான் 'ஸ்லோ' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிரவே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, மறுநாள் அதற்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி போட்டேன்.

*

முதலில் எழுதியவருக்கு: நீங்கள் நகல் எடுத்தீர்கள், தப்பித்தீர்கள். நான் எடுக்கவில்லை.

முதல் முறை, தேவையில்லை என்று நினைத்து ஒரு கோப்புறையை மறுசுழற்சித் தொட்டிக்குக்கூட அனுப்பாமல் நேராக அழித்துவிட்டேன். அரை மணி நேரத்தில் நினைவு வந்தது: மகனின் மழலைக் குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. பதறிப்போய் மீட்பு மென்பொருள் ஒன்றை இறக்கி, அதே சி டிரைவில் நிறுவினேன். செய்யக்கூடாதது அதுதான். கோப்பை அழித்தாலும் அதன் உள்ளடக்கம் உடனே போய்விடாது. 'இந்த இடம் காலி' என்ற குறிப்பு மட்டுமே விழும். அந்தக் காலி இடத்தில் மீட்கும் நிரலையே கொண்டுபோய் இறக்கினால்? பதினோரு பதிவுகளில் நான்குதான் கிடைத்தன. அவற்றிலும் ஒன்று பாதியில் கரகரத்து நின்றுவிடுகிறது.

இரண்டாவது முறை அதே மகன் கேமரா கார்டை ஃபார்மேட் செய்துவிட்டான். இந்த முறை கார்டைக் கழற்றித் தனியே வைத்தேன். அதில் புதிதாக ஒரு படம்கூட எடுக்கவிடவில்லை. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற நிரலை வேறொரு கணினியில் ஓடவிட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது. அம்புக்குறியும் எண்டர் விசையும் மட்டும்தான். பார்க்கச் சகிக்காது. ஆனால் 'படங்கள் தெரிகின்றன, பெற்றுக்கொள்ளப் பணம் கட்டு' என்ற வேலை இதில் இல்லை. கோப்பின் பெயரைத் தேடாமல், ஒரு படம் எந்த பைட்டுகளில் தொடங்கும் என்பதைப் பார்த்தே பொறுக்கி எடுக்கிறது. அதனால் பெயர்கள் போய்விடும்; எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஏழெட்டு எண்களுமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. படத்துக்குள்ளேயே எடுத்த தேதி இருக்குமல்லவா, அதை வைத்து ஒரு வாரம் உட்கார்ந்து அடுக்கினேன். தேதி இல்லாத 60 படங்கள் இன்னும் தனிக் கோப்புறையில் கிடக்கின்றன.

எஸ்எஸ்டி போட்டவருக்கு ஒரு வார்த்தை. அதில் அழித்ததை மீட்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு பின்னணியில் துடைத்துவிடும். ஃபோட்டோரெக்கும் கையை விரிக்க வேண்டியதுதான்.

*

என் கதையையும் கேளுங்கள். நான் ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டவன். ஒன்றைவிட இரண்டு பாதுகாப்பு என்று கணக்கு. ஒன்று பிடித்துச் சிறையில் வைத்த கோப்பை மற்றொன்று 'வைரஸ்' என்று கண்டுபிடிக்க, அதைத் திறந்து பார்த்ததற்காக முதலாவது மறுபடி அலற, விசிறி ஜெட் விமானம் போல இரைந்தது. இப்போது விண்டோஸோடு வரும் டிஃபென்டர் மட்டும்தான். வேறொன்றை நிறுவினால் அது தானாகவே ஒதுங்கிக்கொள்ளும் என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறென்ன சொல்ல.

*

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினால் போதும், பயமில்லை என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். அதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்.

கணினியைச் சுத்தம் செய்யும் நிரலான சிகிளீனரின் 5.33 பதிப்பு, 2017 ஆகஸ்டில் வெளியானது, நினைவிருக்கிறதா? ஊடுருவியவர்கள் அதன் 32 பிட் நிரலுக்குள் தீநிரலைச் செருகிவிட்டார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளம், முறையான டிஜிட்டல் கையொப்பம், எல்லாம் சரியாக இருந்தன. சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் கதை வேறு மாதிரி. நிரல்வரிகளை எவரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள்களின் கோட்டை என்று நாம் நம்பிய தளம், 2015இல் படங்களைத் திருத்தும் ஜிம்ப் நிரலின் விண்டோஸ் பதிப்பை விளம்பர நிரல்களோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள்.

இதற்காக இலவசமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோப்புகளைச் சுருக்கிக் கட்ட இகோர் பாவ்லோவ் 1999இல் தொடங்கிய செவன்-ஜிப் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. அதில் பலர் தொடாத ஒரு வசதி உண்டு: இறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டால் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஒன்றை, காட்டும். மென்பொருள் எழுதியவர் தளத்தில் போட்டிருக்கும் 64 எழுத்தோடு அதை ஒப்பிடலாம். உண்மையைச் சொன்னால், நான் முதல் ஆறையும் கடைசி ஆறையும்தான் பார்க்கிறேன். 64 எழுத்தும் பொருந்தினால்தான் வழியில் யாரும் கோப்பை மாற்றவில்லை என்பது உறுதி. சிகிளீனர் போல ஊற்றிலேயே நஞ்சு கலந்தால் 64 எழுத்தும் அழகாகப் பொருந்தும். அதனால் புதிய பதிப்பு வந்தவுடன் நான் பாய்வதில்லை. பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே. மற்றதெல்லாம் இரண்டு வாரம் கழித்து. தேவை ஒருமுறைதான் என்றால், வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுவேன்.

*

தொடங்கியவன் மறுபடி வந்திருக்கிறேன். கார்டைக் கழற்றி வைத்த அக்காவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு அந்த மூன்றாவது திருமண வீடியோவை இன்னொரு டிஸ்க்கிலும் போட்டுவிட்டேன். மூன்று நகலில் இரண்டை அழித்தது சரிதானா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மூன்றுமே ஒரே டிஸ்க்கில் இருந்தன என்று தங்கை நினைவூட்டினாள்.

பழைய டிஸ்க்கை வெறும் ஆர்வத்தில் நேற்று மாட்டிப் பார்த்தேன். சி5 வரியில் இப்போது 2எஃப், அதாவது 47.