முதல் நாற்காலிக்கு இரும்பு ஃபிரேம்: வெல்டிங்கா, போல்ட்டா?

மரத்தூள்:
மர வேலை எனக்கு ஓரளவு பழக்கம். அலமாரி, பெட்டி, சின்ன மேசை வரை செய்திருக்கிறேன். இப்போது ஒரு நாற்காலி செய்ய ஆசை. ஃபிரேம் முழுக்க இரும்பு, உட்காரவும் சாயவும் 20 மி.மீ. பலகை. இரும்பு வேலை அடியோடு புதிது. நண்பர் தன்னுடைய சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைக் கொடுத்திருக்கிறார். கிரைண்டர் என்னிடமே இருக்கிறது.

25×25 மி.மீ. சதுரக் குழாய் எடுப்பதாக இருக்கிறேன். உட்காரும் உயரம் 45 செ.மீ., அகலமும் ஆழமும் 42. பின்கால் சீட் மட்டத்தோடு முடிந்துவிடும். அதன் தலையில் முதுகுக் குழாயைச் சாய்வாக வைத்து வெல்டு செய்வதாகப் படம் வரைந்திருக்கிறேன். இது தாங்குமா? குழாயின் கனம் 1.2, 1.6, 2 மி.மீ. என்று கிடைக்கிறது, எதை எடுப்பது? இல்லை, வெல்டிங்கே வேண்டாம், எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கிவிடலாமா? பேசாமல் அதுதான் பத்திரம் என்று மனசு சொல்கிறது.

திருகாணி:
போல்ட் போட்ட நாற்காலி ஒன்று என் வீட்டில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். குழாய்க்குள் ஒரு சின்னக் குழாய்த் துண்டை வைத்து அதன் வழியாகப் போல்ட் விட வேண்டும், இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சுவர் உள்ளே அமுங்கும். அப்புறம் ஒரு மூட்டுக்கு ஒரே போல்ட் என்றால் அது கீல் மாதிரி ஆடத்தான் செய்யும். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வேண்டும். இத்தனை துளை போடும் நேரத்தில் வெல்டிங் பழகிவிடலாம். மெஷின் கையில் இருக்கும்போது போல்ட் எதற்கு?

பழைய பட்டறை:
தம்பி, உங்கள் படத்தில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதுதான் முக்கியம். பின்காலையும் முதுகையும் சீட் மட்டத்தில் துண்டாக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு எவனாவது முன்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்வான், சாயாத ஆளே கிடையாது. அப்போது மொத்த நெம்பும் அந்த மூட்டில்தான் விழும். புதுக்கை போட்ட வெல்டை அங்கே நம்பக் கூடாது.

தரையிலிருந்து முதுகு உச்சி வரை ஒரே குழாய் வையுங்கள். வளைக்க மெஷின் தேவையில்லை. வளைவு வரும் இடத்தில் பின்பக்கச் சுவரையும் இரண்டு பக்கச் சுவரையும் ஆப்பு வடிவில் வெட்டி எடுங்கள், முன்பக்கச் சுவரைத் தொடாதீர்கள். மெதுவாகப் பின்னால் மடக்கினால் வெட்டு மூடிக்கொள்ளும், சுற்றி வெல்டு வைத்துவிடலாம். 25 மி.மீ. குழாயை 15 டிகிரி மடக்க, பின்பக்கத்தில் வெட்டின் அகலம் 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஆள் சாயும்போது முன்பக்கச் சுவர் இழுபடும், பின்பக்கம் நெருக்கப்படும். இழுபடுகிற பக்கத்தில் வெட்டாத இரும்பு இருக்கிறது பாருங்கள், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வளைவை சீட்டுக்கு ஒரு 6, 7 செ.மீ. மேலே தள்ளி வையுங்கள். இரண்டு வெல்டு ஒரே இடத்தில் கூடக் கூடாது.

முதுகு பின்னால் சாய்ந்தால் பாதமும் பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி மல்லாந்துவிடும். அந்த 15-இல் 5 டிகிரியைக் காலுக்குக் கொடுங்கள், மீதி 10 முதுகுக்கு. சீட்டுக்கு முன்பக்கம் 43, பின்பக்கம் 41 செ.மீ. உயரம் வையுங்கள், பலகையோடு சேர்த்து முன்னால் நீங்கள் கேட்ட 45 வந்துவிடும்.

கனம் 2 மி.மீ. எடுங்கள். 1.6 போதும்தான், ஆனால் பழகாத கையில் ஓட்டை விழும். 1.2 பக்கமே போகாதீர்கள். 2.5 மி.மீ. 6013 ராடு (வெல்டிங் குச்சியில் ஒரு வகை), 60 முதல் 75 ஆம்பியருக்குள் வைத்துப் பாருங்கள். முதலில் அதே குழாயின் வெட்டுத் துண்டுகளை டி வடிவில் ஒட்டி, சுத்தியலால் அடித்து உடையுங்கள். வெல்டு சுவரை விட்டு முழுசாகக் கழன்று வந்தால் இரும்பு உருகவில்லை, மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். குழாய் கிழிய வேண்டும்.

அப்புறம் இடது பக்கச் சட்டத்தைத் தட்டையான தரையில் படுக்கவைத்து டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடிக்க ஒரு சின்னப் பொட்டு வெல்டு மட்டும், போடுங்கள். வலது பக்கத்தை அதன் மேலேயே வைத்துச் செய்யுங்கள், இரண்டும் அச்சு அசலாக வரும். நிற்கவைத்துக் குறுக்குக் குழாய்களை டேக் போட்டதும் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வரும் வரை முழு வெல்டு வைக்கக் கூடாது. வெல்டு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும், அதனால் ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பலகை உட்காரும் மேல்முகத்தை மட்டும் கிரைண்டரில் சமமாக்குங்கள். உள்மூலை வெல்டை அழகுக்காகத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பலத்தையும் சேர்த்துத்தான் தேய்க்கிறார்கள்.

மரத்தூள்:
ஐயா, ரொம்ப நன்றி. படத்தை மாற்றிவிட்டேன். இன்னொன்று கேட்க வேண்டும். மாடி வேலையில் மிச்சமான ஜி.ஐ. குழாய் கொஞ்சம் கிடக்கிறது, அளவும் 25×25 தான். அதையே எடுத்துக்கொள்ளலாமா? துருவும் பிடிக்காதே.

திருகாணி:
வேண்டாம். அதன் மேலே இருப்பது துத்தநாகம். இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும், துத்தநாகம் 907-லேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். கறுப்பு இரும்புக் குழாய் வாங்கி, எண்ணெயைத் துடைத்து வெல்டு செய்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தால் வீட்டுக்குள் இருக்கும் நாற்காலிக்குத் துரு ஒரு பிரச்சினையே இல்லை. பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கிரைண்டரின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தால் இப்போதே திரும்ப மாட்டுங்கள்.

பழைய பட்டறை:
பலகைக்கான திருகுத் துளைகளை பெயிண்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், குழாயின் திறந்த முனைகளுக்கான பிளாஸ்டிக் மூடிகளைக் கடைசியில் மாட்டுங்கள். நாலு காலும் ஒரே மட்டத்தில் நிற்காது, முதல் நாற்காலியில் நிச்சயம் நிற்காது. அதற்காகக் காலைத் தேய்த்துக்கொண்டே போகாதீர்கள். அடியில் ஒரு தகடும் நட்டும் வெல்டு செய்து, திருகி ஏற்றி இறக்கும் பாதம் மாட்டிவிடுங்கள்.