அப்பா வாங்கித் தந்த ரேஸ் சைக்கிள்: காட்டர் பின் கழலவில்லை

மன்னார்குடியிலிருந்து:
1986இல் குறுவை நெல் விற்ற காசில் அப்பா வாங்கித் தந்தது. பாமணியாற்றங்கரையில் ஓட்டாத நாளில்லை. இருபது வருடமாகக் குதிர் ஓரம் கிடந்ததில், ஐப்பசி ஈரம் ரிம்மில் துருவேற்றிவிட்டது. பெடல் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் அசையவில்லை, கடையில் அறுக்கச் சொல்கிறார்கள். 27 அங்குல டயரும் கிடைக்கவில்லை. பெயிண்ட் அடிக்க மனமில்லை. சைக்கிள் சட்டத்தில் அப்பா எழுதிய என் பெயர் இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:
அறுக்காதீர்கள் அண்ணே! துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறட்டும். நட்டை முழுதும் கழற்றாமல் பின்னின் நுனிக்குச் சமமாக வையுங்கள், மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, ஒரே அடியாக அடியுங்கள். சின்னச் சின்னத் தட்டு பின்னை வளைக்கத்தான் செய்யும். குரோமுக்கு அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் போதும்.

திருவாரூரிலிருந்து:
27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., இப்போதைய ரேஸ் சைக்கிள்களின் 700சி அளவில் 622. 700சி டயர் உங்கள் ரிம்மில் உட்காராது. 700சி ரிம்முக்கு மாற்றினால் பிரேக் கட்டையை 4 மி.மீ. இறக்க வேண்டும், பிரேக்கில் அவ்வளவு இடம் இருக்கிறதா பாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து:
காட்டர் பின் வந்துவிட்டது! பிரேக்கில் இடம் 6 மி.மீ. இருக்கிறது. பெயர் இருக்கும் பக்கத்தைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்தேன்.