புதுச் செருப்பும் மாத்தூர் பாலமும்: உங்களைக் கடித்த கதையைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரி:

விருந்தாளி வந்தால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே வழித்தடம்தான். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், சாப்பாட்டுக்கு அப்புறம் திற்பரப்பு அருவி. ஜூன் மாதம் சாரல் தொடங்கின வாரத்தில் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தபோது நானும் அதே வழியில்தான் கூட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள் காலையில் நாகர்கோவிலில் ஒரு கடையில் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். பின்பக்கம் வார் வைத்தது, பார்க்க அழகு. இடது காலில் கொஞ்சம் பிடிக்கிறதே என்று கேட்டதற்கு, கடைப் பையன் "போடப் போட சரியாயிரும்க்கா" என்றான். நானும் நம்பி, வீட்டில் பத்து நிமிடம்கூடப் போட்டு நடக்காமல் நேராக ஊர் சுற்றப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரண்மனையில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமே. கறுப்பாகக் கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தத் தரையில் வெறுங்காலில் நடப்பது தனிச் சுகம். வெளியே வந்து மாட்டும்போதுதான் வார் காலையில் இருந்ததைவிட ஒரு பிடி இறுகியிருந்த மாதிரி பட்டது. நடக்க நடக்கக் கால் வீங்கும் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

மாத்தூர் பாலம் உங்களுக்கே தெரியும். 1966-ல் கட்டியது, 28 தூண்கள், கீழே பறளியாறு. மேலே தொட்டியில் தண்ணீர் ஓட, பக்கத்தில் நாம் நடக்கலாம். நாத்தனார் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குதிகாலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாலத்தில் சுள்ளென்று ஓர் எரிச்சல். தோல் சிவந்து பளபளவென்று இருந்தது, கொப்புளம் இன்னும் வரவில்லை. நிறுத்த வேண்டிய இடம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு என்ன செய்தேன்? ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகளில் இறங்கி, திரும்ப ஏறவும் செய்தேன்.

திற்பரப்பில் குளித்துவிட்டு ஈரக் காலோடு மறுபடி அதையே மாட்டிக்கொண்டு கார் நின்ற இடம்வரை நடந்தேன். அவ்வளவுதான், பழைய எட்டணா அளவுக்குத் தோல் உரிந்து போயிருந்தது. கார் டிக்கியில் கிடந்த வீட்டுக்காரரின் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று அங்குலம் பின்னால் நீட்டிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தேன். நாத்தனார் எடுத்த போட்டோக்களில் எல்லாம் என் முகம் பல்வலிக்காரி மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். அதே செருப்பைப் போட வேண்டும், கொடுத்த காசுக்காவது. உங்களுக்கெல்லாம் எங்கே கடித்தது, என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

ரப்பர்பால், குலசேகரம்:

எக்கா, உங்களைக் கடித்தது செருப்பு பாதி, திற்பரப்புத் தண்ணி பாதி. நான் பால் வெட்டுக்குப் போகிறவன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் முன்னூறு மரத்துக்கு மேல். புல்லில் பனியும் மழையும், கால் காய்ந்திருக்கிற நேரமே கிடையாது. எட்டு வருடம் முன்னால் புது ரப்பர் செருப்பை நேராக வேலைக்குப் போட்டுப் போனேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் அறுத்துவிட்டது. நாலு நாள் வேலை போச்சு.

ரூபாய் நோட்டு எண்ணும்போது விரலை லேசாக நனைத்துக்கொள்கிறோம், இல்லையா? நனைந்த விரல் நோட்டைப் பிடிக்கும், காய்ந்த விரல் வழுக்கும். காலிலும் அதே கதைதான். லேசான ஈரமும் வேர்வையும் இருந்தால் தோல் வாரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே எலும்பு முன்னும் பின்னும் போகும், மேல்தோல் மட்டும் போகாது. நடுவில் தோலின் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கும். அதுதான் கொப்புளம். இதை எனக்குச் சொன்னது எஸ்டேட்டுக்கு வந்த ஒரு டாக்டர். நோட்டுக் கணக்கு மட்டும் என் சொந்தச் சரக்கு.

பவுடர் போடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அது முக்கால் மணி நேரம் தாங்கும், அப்புறம் கூழாகி வாருக்கடியில் உருண்டு நிற்கும். எனக்குப் பிடிக்காது. ஒரு துண்டுத் துணி பையில் இருக்கட்டும், நனைந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். புதுச் செருப்பு என்றால் நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் போட்டுப் போவேன், ஒரு மாதம். அப்புறம்தான் தோட்டத்துக்கு.

வேப்பமூட்டுப் பேத்தி:

என் தாத்தா நாகர்கோவில் வேப்பமூடு பக்கத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் செருப்புத் தைத்தவர். புதுச் செருப்பு கடிக்கிறது என்று யார் கொண்டுவந்தாலும் முதலில் காலைப் பார்க்க மாட்டார். செருப்பை மடியில் வைத்து, வாரின் உள்பக்கம் கட்டைவிரல் நகத்தால் மெதுவாக ஒரு இழுப்பு இழுப்பார். நகம் எங்கே தடுக்கிறதோ அங்கேதான் கடி. பெரும்பாலும் அது வாரின் பரப்பாக இருக்காது. வெட்டிய ஓரமாக இருக்கும், இல்லையென்றால் தையல் முடிந்து முடிச்சு விழுந்த இடம், அதுவும் இல்லையென்றால் பக்கிளுக்குப் பின்னால் மடிந்து நிற்கும் நாக்கு. முடிச்சைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி அமுக்குவார். ஓரத்தை ஒரு சோடாப் பாட்டிலின் கழுத்தால் முன்னும் பின்னும் உருட்டித் தேய்ப்பார். பாதிச் செருப்பு அந்த இரண்டிலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது, அது தோலா ரெக்சினா என்று பார்ப்பார். வாரின் வெட்டு ஓரத்தில் நார்நாராகத் தெரிந்தால் தோல். மேலே ஒரு பூச்சு, கீழே துணி என்று அடுக்காகத் தெரிந்தால் ரெக்சின். தோல் வாருக்கு உள்பக்கம் தேங்காய் எண்ணெய் விரல் நுனியில் தொட்டு, இரண்டு ராத்திரி தடவச் சொல்வார். தொட்டு மட்டும்தான், ஊற்றக் கூடாது. ஊற்றினால் தோல் கறுத்து, தொளதொளத்துப் போய், கொஞ்ச நாளில் எண்ணெய் சிக்கு வாடையும் வந்துவிடும். கால் பதியும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது, மழை நாளில் வழுக்கி விடும். ரொம்ப இறுகலாக இருந்தால் வாரை லேசாக நனைத்து, காலளவு மரக்கட்டையில் மாட்டி ராத்திரி முழுக்க வைத்துவிடுவார்.

ரெக்சினுக்கு இதெல்லாம் வீண். எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே நின்று பிசுபிசுக்கும், ரப்பர்பால் அண்ணன் சொன்ன ஈரக் கதைதான் நடக்கும். "ரெக்சின் கழுதை மாதிரி, சொன்னா கேக்காது" என்பார் தாத்தா. அதற்கு ஒரே வழி வாரில் ஒரு ஓட்டை தள்ளிப் போடுவது, இல்லையென்றால் கடிக்கும் இடத்தில் உள்பக்கமாக மெல்லிய தோல்துண்டு ஒட்டுவது. தக்கலை அக்கா, உங்கள் செருப்பு எது? கடைப் பையன் சொன்ன "போடப் போட சரியாயிரும்" தோலுக்குத்தான் பலிக்கும்.

இன்னொன்று. சாயங்காலம் போய் வாங்குங்கள். காலையில் சரியாக இருக்கும் செருப்பு அந்திக்கு இறுகும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்கிறவர்கள் குறைவு. பெரிய கால் எதுவோ அதற்கு ஏற்ற அளவு எடுக்க வேண்டும்.

நெய்யூர் நர்ஸம்மா:

மக்களே, நான் முப்பது வருடத்துக்கு மேல் டிரெஸ்ஸிங் செய்த கை. கொப்புளத்தை ஊசியால் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அந்த மேல்தோல் கூரை மாதிரி. அது இருக்கிறவரை உள்ளே கிருமி போக வழியில்லை. உடையாத கொப்புளத்தை அப்படியே விட்டுவிட்டு, மேலே உரசாமல் ஒரு டிரெஸ்ஸிங் போடுங்கள், நீர் தானாக வற்றிவிடும். உடைந்துவிட்டால் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, தொங்கும் தோலைப் பிய்க்காமல் அதன் மேலேயே மூடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். பற்பசையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதைக் கழுவி எடுப்பதற்குள் அவர்கள் போட்ட கூப்பாடு நெய்யூர் ஜங்ஷன்வரை கேட்டிருக்கும். சுற்றிலும் சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், சீழோ காய்ச்சலோ வந்தால் ஆஸ்பத்திரி.

சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். எங்கள் உறவில் ஒரு பெரியவர், மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த புதுச் செருப்போடு பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்குப் போனார். முழு வழியும் நடந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கியும் விட்டார். மறுநாள் காலையில் படுக்கை விரிப்பில் ரத்தத்தைப் பார்த்து மருமகள்தான் கண்டுபிடித்தாள். அவருக்கு வலியே தெரியவில்லை. சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு "கடிக்குது" என்ற தகவலே மூளைக்குப் போகாது. புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. அவர்கள் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புத்தான் போட வேண்டும், தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

மற்றவர்களுக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகித டேப் போதும். கடித்த பிறகு ஒட்டுவதைவிட கடிக்கும் முன்னால் ஒட்டுவது நல்லது. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 128 பேரிடம் சோதித்து வெளியிட்டார்கள். இந்த டேப் ஒட்டிய இடத்தில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. காய்ந்த தோலில், சுருக்கம் விழாமல், ஒரே அடுக்காக ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்தால் அதுவே கடிக்கும். எடுக்கும்போது தண்ணீரில் நனைத்து எடுங்கள். கொப்புளத்தின் மேல் நேராக ஒட்டாதீர்கள், பிய்க்கும்போது கூரையும் சேர்ந்து வரும்.

குளச்சல்:

கடற்கரையில் புதுச் செருப்பு போடாதீங்க. வாருக்கடியில் மணல் புகுந்தால் அது உப்புத்தாள்தான். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

முஞ்சிறைக் கோவிந்தன்:

செருப்பே போடாதவனுக்கும் கொப்புளம் வரும். சிவராத்திரிக்கு நாங்கள் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள். எங்கள் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி திருநட்டாலம்வரை பன்னிரண்டு கோவில், நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வெறுங்கால். முதல் வருடம் கல்லூரிக் காலத்தில் எந்தப் பழக்கமும் இல்லாமல் இறங்கினேன். திருநந்திக்கரை தாண்டினதும் வெயில் ஏறிவிட்டது, தார் ரோடு தோசைக்கல் மாதிரி. பாதத்தின் முன்பந்தில் இரண்டு காலிலும் கொப்புளம். ரோட்டின் வெள்ளைக் கோட்டின் மேல் மட்டும் கால் வைத்து ஓடினது ஞாபகம் இருக்கிறது, அது கொஞ்சம் சூடு குறைவு. "கோபாலா" என்று முன்னால் போகிறவர்கள் சொல்ல, நான் "கோவிந்தா" என்பதற்குப் பதிலாக "அம்மா" என்றுதான் சொல்லிக்கொண்டு போனேன்.

இப்போது பொங்கல் கழிந்ததும் தினம் காலையில் வெறுங்காலில் நடக்கத் தொடங்கிவிடுவேன். முதலில் வீட்டு முற்றம், அப்புறம் தோப்பு, கடைசியில்தான் தார் ரோடு. தோல் தடிக்க நாள் கொடுக்க வேண்டும். நர்ஸம்மா, ஓடும் வழியில் உள்ளங்காலில் கொப்புளம் உடைந்தால் டேப் நிற்குமா?

நெய்யூர் நர்ஸம்மா:

நிற்காது மக்களே, வேர்வையில் உருண்டு போகும். கழுவி, துடைத்து, பஞ்சு வைத்துத் துணியால் கட்டு. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த கோவில்வரை ஆட்டோவில் ஏறினாலும்.

தக்கலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பேத்தி சொன்ன மாதிரி ஓரத்தைப் பார்த்தேன், துணி அடுக்கு பல்லை இளித்தது. ரெக்சின்தான். நகத்தை ஓட்டினால் பக்கிளுக்குப் பின்னால் சரியாகத் தடுத்தது. நான்கு நாளாக ராத்திரி எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை உடனே நிறுத்தினேன்.

புண் முழுக்க ஆறுகிறவரை, பன்னிரண்டு நாள், அந்தச் செருப்பைத் தொடவில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தைக்கிற அண்ணாச்சியிடம் கொடுத்து ஒரு ஓட்டை தள்ளிப் போட்டு, உள்பக்கம் மெல்லிய தோல் ஒட்டி வாங்கினேன். நாற்பது ரூபாய். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் சமைக்கும் நேரத்தில் மட்டும் வீட்டுக்குள்ளே போட்டுக்கொண்டேன், முதல் நாள் இருபது நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. சமையலறையில் செருப்பு என்று மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "எனக்கும் அந்த அண்ணாச்சியிடம் ஒரு ஜோடியைக் கொடுத்துப் பாரு" என்று பழைய செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

கல்யாணத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டு போனேன். பந்தியில் நின்று பரிமாறியது உட்பட ஆறு மணி நேரம். இடது குதிகாலில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். வலதில் அதுகூட இல்லை.

நேற்று நாத்தனார் போன் செய்தாள். போட்டோவில் பார்த்தாளாம், அதே செருப்பு அவளுக்கும் வேண்டுமாம், அளவு ஆறு. கதையெல்லாம் சொன்னேன், கேட்கவில்லை. சரி, நாளைக்குச் சாயங்காலம் போய் ஏழு வாங்கி அனுப்பப் போகிறேன்.