பில்லில் விட்ட ஒரு பிழை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

இயந்திர உதிரிபாகம் சப்ளை செய்யும் சின்ன நிறுவனத்தில் பில்லிங் பார்க்கிறேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து இதே நாற்காலிதான். அப்படி இருந்தும் போன வருடம் ஒரு பில்லில் தவறிவிட்டேன், அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

பழைய பார்ட்டி. தலைமை அலுவலகம் கர்நாடகத்தில், கிளை தமிழ்நாட்டில். ஒரே பெயர், ஒரே பான், ஆனால் ஜி.எஸ்.டி. நம்பர் இரண்டு. அந்த 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் என்பதால் 29, 33 என்ற தொடக்கத்தைக் கவனிக்காவிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே கண்ணுக்குப் படும். வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார், நான் பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தட்டிவிட்டேன். அது 29. சாஃப்ட்வேர் தானாகவே ஐ.ஜி.எஸ்.டி., அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரியைப் போட்டுக்கொண்டது. ஆர்டர் கொடுத்ததும் சரக்கு இறக்கியதும் தமிழ்நாட்டுக் கிளை.

சரக்கு 2,40,000, வரி 43,200. 18 சதவீதத்தை ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒன்றாகப் போட்டாலும், உள்மாநில விற்பனைக்குப் போடுவதுபோல மத்திய வரி, மாநில வரி என்று ஒன்பது ஒன்பதாகப் பிரித்தாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர்கள் கணக்காளர் போன் செய்தார். "சார், உங்க பில் எங்க 2பி-யில வரவே இல்லையே." 2பி என்பது விற்றவர்கள் காட்டிய பில்கள் வாங்கியவர் பேரில் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் தானாக வந்து சேரும் பட்டியல். 2022 ஜனவரியிலிருந்து அதில் வராத பில்லுக்கு வாங்கியவர் வரிக் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. நாங்கள் வரியை ஒழுங்காகக் கட்டியிருந்தோம், ஆனால் கிரெடிட் கர்நாடகக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த 43,200 மட்டும் இல்லை, எங்களுக்கு வரவேண்டிய பாக்கி முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தவறு என்னுடையது, நஷ்டம் முதலில் போய் விழுந்தது அவர்கள் தலையில்.

ஆடிட்டர் சொன்னது: பழைய பில்லில் கை வைக்காதே, 29-இன் பேரில் கிரெடிட் நோட் (பழைய பில் தொகையைக் கழிக்கும் தாள்) போடு, 33-இன் பேரில் புது பில் போடு. மாநில வரியும் மத்திய வரியும் உடனே கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு வெளிமாநில விற்பனை குறைவு என்பதால் ஏற்கெனவே கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. அடுத்தடுத்த வெளிமாநில பில்களின் வரியில் கழிந்து முடிய மூன்று மாதம் ஆனது. இப்படி வரி வகை மாறிப்போனால் வட்டி கேட்கக்கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 77ஆம் பிரிவு இருப்பதால் வட்டி இல்லை, அந்த மட்டில் தப்பித்தோம். இந்தக் கிரெடிட் நோட்டை ரிட்டர்னில் காட்டுவதற்கும் கெடு உண்டு, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30. ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அந்தத் தேதியோடு சரி. பார்ட்டி கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது.

இப்போது பார்ட்டி பெயரைச் சேமிக்கும்போதே பின்னால் 29, 33 என்று சேர்த்துவிடுகிறேன். பில் அச்சுக்குப் போகுமுன் பர்ச்சேஸ் ஆர்டரைப் பக்கத்தில் வைத்து முதல் இரண்டு இலக்கம், கடைசி மூன்று எழுத்து, இந்த ஐந்தையும் விரல் வைத்துப் பார்ப்பேன். வண்டி எவ்வளவு நேரம் நின்றாலும் சரி.

பதில் 1

அண்ணா, எனக்கு நடந்தது வரிசை எண்ணில். நான் இரண்டு கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு முதலாளி, "கஸ்டமர் வேண்டாம்னுட்டார், அந்த பில்லை டெலீட் பண்ணிடும்மா" என்றார். செய்தேன். 118 என்ற எண் காலியானது, அடுத்து வந்தவருக்கு சாஃப்ட்வேர் அதே 118-ஐக் கொடுத்துவிட்டது. ஆனால் முதல் பில்லுக்கு இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) எடுத்திருந்ததை நான் மறந்தே போனேன், அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், அது எப்போதோ தாண்டிவிட்டது. பிறகு ஒருநாள் நோட்டீஸ் வந்தது. நேரில் போனபோது அதிகாரி மேசையில் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று இ-வே பில், 118, ஒரு பெயர். இன்னொன்று எங்கள் ஜி.எஸ்.டி.ஆர்-1, அதாவது விற்பனை ரிட்டர்னின் பக்கம், அதே 118, வேறு பெயர். விற்பனையை மறைத்தது போலவேதான் அது தெரிந்தது, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஜி.எஸ்.டி. விதிகளில் 46ஆம் விதியில் தெளிவாகவே இருக்கிறது: எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. வேண்டாத பில்லை ரத்து என்று குறித்து எண்ணை அப்படியே விட்டுவைக்க வேண்டும், ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசியில் எத்தனை பில் ரத்தானது என்று காட்டத் தனிக் கட்டமே இருக்கிறது. தயவுசெய்து யாரும் டெலீட் செய்யாதீர்கள், முதலாளி சொன்னாலும்.

பதில் 2

லாரி புக்கிங் ஆபீசிலிருந்து எழுதுகிறேன். ராத்திரி செக்கிங்கில் ஒரு லோடை நிறுத்திவிட்டார்கள், காரணம் இ-வே பில்லில் பின்கோடு ஒரு இலக்கம் தப்பு, முகவரி சரி, பில் சரி, எல்லாம் சரி, ஆனால் 129ஆம் பிரிவு என்று பேச்சை எடுத்ததும் டிரைவர் பயந்துபோய் எனக்கு போன் அடித்தார். 129 என்றால் வரியைப்போல இரண்டு மடங்கு தண்டம், கட்டும்வரை வண்டி அங்கேயே நிற்கும். 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட 64ஆம் எண் சுற்றறிக்கை ஒன்று உண்டு, ஜி.எஸ்.டி. நம்பர் சரியாக இருந்து பெயரில் எழுத்துப் பிழை, பின்கோடு பிழை, பில் நம்பரிலோ வண்டி நம்பரிலோ ஓரிரு எழுத்து தப்பு, இந்த மாதிரி ஆறு வகைப் பிழைக்கு 129 வேண்டாம், மத்திய சட்டத்தில் 500, மாநிலச் சட்டத்தில் 500, ஆக 1,000 போதும் என்கிறது. அதை போனிலேயே அனுப்பி, பொறுமையாகப் பேசி, 1,000 கட்டி விடிவதற்குள் வண்டியை எடுத்தோம். ஆனால் பில்லே இல்லாமல் லோடு ஏற்றி அனுப்பினால் இந்தச் சுற்றறிக்கை காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லா டிரைவர் போனிலும் அந்தத் தாள் இருக்கிறது.

பதில் 3

எனக்கு வாங்கிய பக்கத்தில் அடி. காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் திட்டம்) இருந்த ஒருவர் பில்லில் வரி சேர்த்துப் போட்டிருந்தார், நானும் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். அவர்கள் வரி வசூலிக்கவே கூடாது, 'பில் ஆஃப் சப்ளை' என்றுதான் போட வேண்டும். கிரெடிட் ஒரு ரூபாய் வரவில்லை. புதிதாக யாரிடம் வாங்கினாலும் முதலில் அவர் ஜி.எஸ்.டி. நம்பரை போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், காம்போசிஷனா ரெகுலரா என்று அங்கேயே தெரியும்.

முதலில் எழுதியவர்

பதில் 1 எழுதிய தங்கைக்கு: அந்த 118 கடைசியில் என்ன ஆனது? தண்டம் போட்டார்களா?

பதில் 1

இல்லை அண்ணா. சரக்கு கடையை விட்டுப் போகவே இல்லை என்பதற்கு ஸ்டாக் ரிஜிஸ்டரும், வேண்டாம் என்று கஸ்டமர் அனுப்பிய மெசேஜும் கையில் இருந்தது. கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தேன். பில் 22,000, வரி 3,960. வரி 5,000-க்குக் கீழே, எளிதில் திருத்தக்கூடிய பிழை, ஏமாற்றும் எண்ணம் இல்லை என்றால் தண்டம் கூடாது என்று 126ஆம் பிரிவு சொல்கிறது, அதை வைத்து அதிகாரி முடித்துக்கொடுத்தார். "ரிஜிஸ்டர் இல்லன்னா இது வேற மாதிரி போயிருக்கும்" என்று அவரே சொன்னார்.