கியோம் வழக்கு: பிராண்ட்டின் கிழக்குக் கொள்கை தோற்றதா?

இளவெயினன்:
மேற்கு ஜெர்மனியின் சான்சலராக, அதாவது ஆட்சித் தலைவராக, இருந்த வில்லி பிராண்ட்டை அமைதித் தூதர் என்று புகழ்வோரிடம் ஒரு கேள்வி. கம்யூனிசக் கிழக்கு நாடுகளுடன் இணங்கிப் போவதே அவரது கிழக்குக் கொள்கை. 1970இல் மாஸ்கோவுடனும் வார்சாவுடனும் உடன்படிக்கைகள். 1972 டிசம்பரில் கிழக்கு ஜெர்மனியுடன் அடிப்படை ஒப்பந்தம். இத்தனைக்கும் அதன் தலைநகர் கிழக்கு பெர்லின் செய்த கைம்மாறு என்ன? 1974 ஏப்ரல் 24 அன்று பிராண்ட்டின் உதவியாளர் குந்தர் கியோம் கைதானார். அவர் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறையான ஸ்டாசியின் ஆள். இரண்டு வாரத்துக்குள் பிராண்ட் பதவி விலகினார். எதிராளியை நம்பியதற்குக் கிடைத்த கூலி இதுதான்.

மருதன்:
ஐயா, ஆண்டைப் பாருங்கள். கியோமும் மனைவியும் அகதிகள் வேடத்தில் மேற்கே வந்தது 1956இல். அப்போது மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்தவர் அடெனாவர். கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடாகவே அவர் ஏற்கவில்லை. உறவே இல்லாத காலத்தில் வந்த ஒற்றனை உறவின் விளைவு என்பது எப்படி?

இளவெயினன்:
வந்தது 1956. சான்சலர் அலுவலகத்துக்குள் நுழைந்தது 1970, பிராண்ட் ஆட்சியில். பணியமர்த்தும்போதே அவரைப் பற்றிப் பழைய எச்சரிக்கைகள் இருந்தன. இணக்கம் பேசும் ஆட்சியில் சந்தேகப்படுவதே நாகரிகக் குறைவாகிவிடுகிறது.

மருதன்:
சந்தேகப்படாமலா இருந்தார்கள்? 1973 மே மாதமே எதிர் உளவுத்துறைக்குக் கியோம் மீது ஐயம் வலுத்துவிட்டது. உள்துறை அமைச்சர் கென்ஷர் அதை பிராண்ட்டிடம் சொன்னார். எதையும் மாற்றாதீர்கள், ஆளைக் கண்காணிப்போம் என்பதே அவருக்குத் தரப்பட்ட அறிவுரை. அந்த ஜூலையில் விடுமுறைக்கு நார்வே போன பிராண்ட்டுடன் கியோமும் போனார். சான்சலருக்கு வந்த இரகசியத் தந்திகள் அவர் கை வழியாகவே சென்றன! நாட்டின் தலைவரையே தூண்டிலில் இரையாகக் கோத்தவர்கள் பாதுகாப்பு அதிகாரிகள். அதற்குக் கிழக்குக் கொள்கை என்ன செய்யும்? கொள்கை தோற்கவும் இல்லை. கைது நடந்த எட்டாம் நாள், மே 2 அன்று, இரு ஜெர்மனிகளும் மேற்கின் தலைநகர் பானிலும் கிழக்கு பெர்லினிலும் நிரந்தரப் பிரதிநிதி அலுவலகங்களைத் திறந்தன. அடுத்து சான்சலராக வந்த ஷ்மித்தும் அதே வழியில்தான் போனார்.

கடலோன்:
இருவரும் தொடாத ஒன்று. 1972 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் பிராண்ட்டைக் கவிழ்க்க எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல்லுக்கு 249 வாக்குகள் தேவைப்பட்டன, விழுந்தவை 247. பார்ட்செல்லுக்கு வாக்களிக்காமலிருக்க 50,000 மார்க் பணம் வாங்கியதாக எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பிறகு ஒப்புக்கொண்டார். அது தங்கள் பணம் என்று ஸ்டாசியின் அயல் உளவுத் தலைவர் மார்க்கஸ் வோல்ஃப் பிற்காலத்தில் சொன்னார். ஆக, பிராண்ட்டைக் காப்பாற்றப் பணம் கொடுத்த துறையே அவர் வீழவும் காரணமானது. ஆனால் அந்த வீழ்ச்சியை வோல்ஃப் விரும்பவில்லை.

இளவெயினன்:
நன்றி கடலோன், என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். பானில் யார் ஆளவேண்டும் என்று கிழக்கு பெர்லின் காசு கொடுத்துத் தீர்மானிக்கிறது என்றால், அந்தக் கொள்கையால் ஆதாயம் யாருக்கு?

மருதன்:
இரு பக்கத்துக்கும்தான். பிரிந்த குடும்பங்கள் பார்த்துக்கொள்ள முடிந்ததும் அதனால்தான். 1971 செப்டம்பரில் பிரிட்டன் என்ன செய்தது? அம்மாதத் தொடக்கத்தில் பெர்லின் குறித்து அமெரிக்கா, பிரான்ஸ் உள்ளிட்ட நான்கு வல்லரசுகள் செய்த நால்வர் உடன்படிக்கையில் சோவியத்துடன் கையெழுத்திட்டது. அதே மாதம் உளவுக் குற்றச்சாட்டில் 105 சோவியத் அதிகாரிகளைத் தன் நாட்டில் வேண்டாம் என்றது. உடன்படிக்கையை யாரும் கிழிக்கவில்லை.

இளவெயினன்:
அதைத்தான் நானும் கேட்கிறேன். பிரிட்டன் விரட்டியது, பான் ஓராண்டு வேடிக்கை பார்த்தது. 13 ஆண்டு தண்டனை பெற்ற கியோம் 1981லேயே கிழக்கே திரும்பிவிட்டார்.

மருதன்:
சும்மா அனுப்பவில்லை ஐயா. அது கைதிப் பரிமாற்றம். கிழக்குச் சிறைகளில் இருந்த மேற்கின் உளவாளிகளும் விடுதலையானார்கள். பேச்சே இல்லாதிருந்தால் அவர்களை எப்படி மீட்டிருப்பீர்கள்?

இளவெயினன்:
1962 பிப்ரவரியில், பெர்லின் சுவர் எழுந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், சோவியத் உளவாளி ஏபெலைக் கொடுத்து, சோவியத்திடம் சிறைப்பட்ட தன் உளவு விமானி பவர்ஸை அமெரிக்கா பெர்லின் எல்லையிலுள்ள கிளீனிக்கே பாலத்தில் மீட்டது. அப்போது எந்தக் கிழக்குக் கொள்கை இருந்தது?